பழைய பேய்களை மீண்டும் எழுப்பலாமா?

புகழ்பெற்ற ஒரு திகில் படத்தை மறுபடி எடுக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "அதெல்லாம் கிளாசிக், யாரும் கை வைக்கக்கூடாது" என்பது ஒரு கட்சி. "கறுப்பு வெள்ளைப் படத்தை இந்தக் காலத்துப் பையன்கள் யார் பார்க்கிறார்கள்? புதிதாக எடுத்தால்தான் கதையாவது பிழைக்கும்" என்பது இன்னொரு கட்சி.

இரண்டு கட்சிக்காரர்களுமே மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. திகில் சினிமாவின் வரலாறே பெருமளவு ரீமேக்குகளின் வரலாறுதான்! டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன், ஜெகில்-ஹைட், மம்மி... ஒரே ஒருமுறை எடுக்கப்பட்டுவிட்டு சும்மா விடப்பட்ட பேய் என்று எதுவும் இல்லை. அந்த வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் "ரீமேக் செய்யலாமா, கூடாதா" என்பதைவிட முக்கியமான வேறொரு கேள்வி எழுகிறது. புதிய படம் வந்த பிறகு பழைய படம் எங்கே போகிறது?

எரிக்கச் சொல்லப்பட்ட படம்

பிராம் ஸ்டோக்கர் 'டிராகுலா' நாவலை 1897-ல் வெளியிட்டார். 1912-ல் அவர் இறந்த பிறகு நாவலின் உரிமை அவருடைய மனைவி ஃபுளோரன்ஸ் ஸ்டோக்கரிடம் இருந்தது. இந்த நிலையில்தான் ஜெர்மனியில் 'பிராணா ஃபிலிம்' என்று ஒரு புதிய கம்பெனி தொடங்கப்பட்டது. (பெயர் நம் 'பிராணன்' என்ற சொல்லிலிருந்து எடுத்ததுதான்.) அந்தக் கம்பெனி உரிமை வாங்காமலே டிராகுலா கதையைப் படமாக்கியது. கதாபாத்திரங்களின் பெயர்களை மாற்றினார்கள். டிராகுலா பிரபு 'ஆர்லாக்' ஆனார். கதை நடக்கும் இடம் இங்கிலாந்திலிருந்து ஜெர்மனிக்கு மாறியது. முர்னாவ் இயக்கிய அந்த ஊமைப்படம் 1922-ல் 'நோஸ்ஃபெராட்டு' என்ற பெயரில் வெளியானது. மாக்ஸ் ஷ்ரெக் என்ற நடிகர் எலிப்பல்லும் வழுக்கைத் தலையும் நீண்ட நகங்களுமாக வந்து பார்ப்பவர்களைப் பயமுறுத்தினார்.

விஷயம் ஃபுளோரன்ஸுக்குத் தெரிந்தது. வழக்கு போட்டார். பிராணா கம்பெனி அதற்குள் திவாலாகிவிட்டதால் நஷ்ட ஈடு கிடைக்க வழியில்லை. பணம் இல்லையென்றால் படமே இருக்கக்கூடாது என்று அவர் விடாப்பிடியாக நின்றார். 1925-ல் ஜெர்மன் நீதிமன்றம் அந்தப் படத்தின் எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி உத்தரவிட்டது.

சட்டப்படி பார்த்தால் ஃபுளோரன்ஸ் செய்தது சரிதான். கணவரின் எழுத்திலிருந்து வரும் வருமானம்தான் அந்த விதவைக்கு ஆதாரம். ஆனால் உத்தரவு முழுமையாக நிறைவேறியிருந்தால் உலக சினிமாவின் மிக முக்கியமான படங்களில் ஒன்று இன்று இருந்திருக்காது. நல்லவேளையாக அதற்குள் சில பிரதிகள் வேறு நாடுகளுக்குப் போய்விட்டிருந்தன. பிரான்சில் பாதுகாக்கப்பட்ட ஒரு பிரதியை முக்கிய ஆதாரமாக வைத்துத்தான் பிற்காலத்தில் படத்தைச் சீரமைத்தார்கள்.

இந்தத் திருட்டுப் படத்திலிருந்து உலகத்துக்குக் கிடைத்த ஒரு பரிசும் உண்டு. ரத்தக்காட்டேரி மேல் சூரிய வெளிச்சம் பட்டால் அது செத்துவிடும் என்பது இன்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் ஸ்டோக்கரின் நாவலில் அப்படி இல்லை! அங்கே டிராகுலா பகலிலும் நடமாடுவார், சக்தி மட்டும் குறைந்திருக்கும். கடைசியில் கத்தியால்தான் கொல்லப்படுவார். விடிகிற வெளிச்சத்தில் காட்டேரி கரைந்து போகும் காட்சி 'நோஸ்ஃபெராட்டு' சேர்த்தது. மூலத்தை மாற்றி எடுத்தவர்கள் மூலத்துக்கே இல்லாத ஒன்றைக் கதைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒரே செட்டில் இரண்டு டிராகுலா

முறைப்படி உரிமை வாங்கி எடுக்கப்பட்ட 'டிராகுலா' 1931-ல் யுனிவர்சல் ஸ்டுடியோவிலிருந்து வந்தது. டாட் பிரவுனிங் இயக்கம், பேலா லுகோசி டிராகுலா. அதே கதையை அதே ஸ்டுடியோவில் அதே செட்டில் இன்னொரு குழுவும் எடுத்துக்கொண்டிருந்தது என்பது பலருக்குத் தெரியாது. பேசும் படம் வந்த புதிது. டப்பிங் சரியாக வளராத காலம். எனவே ஸ்பானிஷ் மொழி பேசும் நாடுகளுக்காகத் தனியாக ஒரு படம். பகலில் ஆங்கிலக் குழு படமெடுத்துவிட்டுப் போகும். இரவில் ஜார்ஜ் மெல்ஃபோர்டு தலைமையில் ஸ்பானிஷ் குழு வரும். ஆங்கிலக் குழு பகலில் எடுத்ததைப் பார்த்துவிட்டு அதைவிட நன்றாக எடுக்க முயன்றார்கள். ஆங்கிலப் படம் சுமார் 75 நிமிடம்தான். ஸ்பானிஷ் படமோ சுமார் 104 நிமிடம். கேமரா நகரும் விதத்தில் ஸ்பானிஷ் படமே மேல் என்று சொல்லும் விமர்சகர்கள் இன்று பலர் உண்டு. லுகோசி மட்டும் அதில் இல்லை, அது ஒன்றுதான் குறை!

அந்த ஸ்பானிஷ் படமும் பல வருடங்கள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அமெரிக்காவில் இருந்த பிரதியில் ஒரு பகுதி கெட்டுப்போயிருந்தது. விடுபட்டதைக் கியூபாவில் இருந்த பிரதியிலிருந்து எடுத்துச் சேர்த்த பிறகுதான் படம் முழுமையாகக் கிடைத்தது.

அடுத்த அலை இங்கிலாந்திலிருந்து வந்தது. ஹாமர் என்ற சின்ன கம்பெனி 1957-ல் ஃபிராங்கன்ஸ்டைன் கதையைக் கலரில் எடுத்தது. மேரி ஷெல்லியின் நாவல் யாருக்கும் பொதுவானது. ஆனால் 1931 படத்தில் போரிஸ் கார்லாஃபுக்கு ஜாக் பியர்ஸ் போட்ட அந்தத் தட்டையான தலை மேக்கப் யுனிவர்சலுக்குச் சொந்தம். எனவே ஹாமர் வேறு முகத்தை உருவாக்க வேண்டியிருந்தது. அடுத்த வருடமே அவர்கள் 'டிராகுலா'வையும் எடுத்தார்கள். கிறிஸ்டோபர் லீயின் சிவந்த கண்களும் கோரைப்பல்லில் வழியும் ரத்தமும் முதல்முறையாகக் கலரில் தெரிந்தபோது ஜனங்கள் அலறினார்கள். அந்தப் படத்தில் டிராகுலா எப்படிச் சாகிறார் தெரியுமா? பீட்டர் குஷிங் ஓடிப்போய்த் திரைச்சீலையைக் கிழித்துச் சூரிய வெளிச்சத்தை உள்ளே விடுகிறார். அழிக்கச் சொல்லி உத்தரவு போட்ட படத்தின் முடிவு, முறைப்படி எடுத்த படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது!

பீரோவில் பூட்டிய படம்

இதுவரை ரீமேக்கின் நல்ல பக்கம். இனி கெட்ட பக்கம்.

ஸ்டீவன்சனின் 'டாக்டர் ஜெகிலும் மிஸ்டர் ஹைடும்' கதையைப் பாரமவுண்ட் நிறுவனத்துக்காக ரூபன் மமூலியன் 1931-ல் எடுத்தார். நல்லவரான ஜெகில் கேமரா முன்னாலேயே, காட்சியை வெட்டாமலே, மிருகம் போன்ற ஹைடாக மாறுவார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இது எப்படி? நடிகரின் முகத்தில் வண்ண மேக்கப்பைப் போட்டுவிட்டு, அதே வண்ண ஃபில்டரை லென்சுக்கு முன்னால் வைத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த மேக்கப் தெரியாது. ஃபில்டரை மெதுவாக மாற்றினால் முகத்தில் கோடுகளும் நிழல்களும் தாமாக முளைப்பது போலத் தெரியும். ஃபிரெடரிக் மார்ச்சுக்கு இந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகர் ஆஸ்கார் கிடைத்தது.

பத்து வருடம் கழித்து எம்.ஜி.எம். அதே கதையை ஸ்பென்சர் டிரேசி, இங்ரிட் பெர்க்மன் நடிக்க எடுத்தது. எடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார்கள். பாரமவுண்ட் படத்தின் உரிமையையே விலைக்கு வாங்கிப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய படத்தோடு யாரும் ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாதல்லவா! ஆஸ்கார் வாங்கிய ஒரு படம் அடுத்த இருபது வருடங்களுக்கும் மேலாகப் பார்க்கக் கிடைக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த தலைமுறைக்கு ஜெகில் என்றால் டிரேசி மட்டும்தான். பிற்பாடு பழைய படம் வெளியே வந்தபோது, 1931 படமே இரண்டில் சிறந்தது என்று பெரும்பாலான விமர்சகர்கள் தீர்ப்புச் சொன்னார்கள்.

இன்னும் சோகமான உதாரணமும் இருக்கிறது. டாட் பிரவுனிங் 1927-ல் லான் சேனியை வைத்து 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' என்ற ஊமைப்படம் எடுத்தார். துப்பறிபவர், காட்டேரி மனிதன் என்று இரண்டு வேடங்களும் சேனிக்கே. அதை அவரே 1935-ல் 'மார்க் ஆஃப் தி வாம்பயர்' என்று பேசும் படமாக மறுபடி எடுத்தார். சேனி அதற்குள் இறந்துவிட்டதால் அந்த இரண்டு வேடங்களையும் லயனல் பாரிமோரும் லுகோசியும் பங்கு போட்டுக்கொண்டார்கள். முதல் படத்தின் கடைசிப் பிரதி 1960-களில் எம்.ஜி.எம். கிடங்கில் நடந்த தீ விபத்தில் எரிந்துபோனதாகச் சொல்லப்படுகிறது. இன்று கையில் இருப்பது சில புகைப்படங்களும் ரீமேக்கும் மட்டுமே. கூரிய பற்களும் உயரத் தொப்பியுமாக நிற்கும் சேனியின் புகைப்படத்தைப் பார்த்து அந்தப் படம் எப்படி இருந்திருக்கும் என்று ரசிகர்கள் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது ஏதோ ஒரு படத்தின் தலைவிதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 11,000 முழுநீள ஊமைப்படங்களில் சுமார் 70 சதவீதம் அடியோடு தொலைந்துவிட்டன. நம் கதை மட்டும் என்ன வாழ்கிறதாம்? தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) ஒரு பிரதிகூட இல்லாமல் போய்விட்டதே!

புதிய காலம், புதிய பயம்

அப்படியானால் ரீமேக்கே வேண்டாமா? அதுவும் சரியில்லை. சில ரீமேக்குகள் வராமல் போயிருந்தால் நஷ்டம் சினிமாவுக்குத்தான்.

1951-ல் வந்த 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்டு' படத்தில் வட துருவத்துப் பனியில் ஒரு வேற்றுக்கிரக ஜீவன் கிடைக்கிறது. செடி இனத்தைச் சேர்ந்த அந்த ராட்சதனை எல்லாரும் ஒற்றுமையாக நின்று கொல்கிறார்கள். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. எதிரி வெளியே இருந்தான். அதே மூலக்கதையை ஜான் கார்பென்டர் 1982-ல் எடுத்தபோது இடத்தைத் தென் துருவத்துக்கு மாற்றினார். ஜீவன் யாரைத் தொட்டாலும் அச்சு அசலாக அவராகவே மாறிவிடும். எனவே பக்கத்தில் நிற்கும் நண்பன் மனிதனா, மிருகமா என்பது யாருக்கும் தெரியாது. எதிரி உள்ளே வந்துவிட்டான்! ஒவ்வொருவர் ரத்தத்தையும் எடுத்துச் சூடான கம்பியால் தொட்டுப் பார்க்கும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

வெளியானபோது அந்தப் படம் சரியாக ஓடவில்லை. இரண்டு வாரம் முன்னால்தான் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்திருந்தது. அன்பான வேற்றுக்கிரகவாசியைப் பார்த்துக் கண்கலங்கிய ஜனங்களுக்குக் கார்பென்டரின் ஜீவன் பிடிக்கவில்லை போலும். இன்றோ மிகச்சிறந்த திகில் படங்களின் பட்டியல் எதிலும் அதைத் தவறாமல் பார்க்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்பென்டர் பழைய படத்தின் பரம ரசிகர். அவருடைய 'ஹாலோவீன்' (1978) படத்தில் வீட்டு டி.வி.யில் ஓடுவதே அந்த 1951 படம்தான்.

'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்நாட்சர்ஸ்' கதையும் இப்படித்தான். டான் சீகல் 1956-ல் எடுத்த படத்தில் ஒரு சின்ன ஊரில் மனிதர்கள் ஒவ்வொருவராக உணர்ச்சியற்ற போலி மனிதர்களாக மாறுகிறார்கள். கம்யூனிசத்தின் மீதான பயம் என்றும், கம்யூனிஸ்டுகளை வேட்டையாடியவர்களின் மீதான பயம் என்றும் இரண்டு விதமாகவும் அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். பிலிப் காஃப்மன் 1978-ல் அதைச் சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்துக்குக் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியாத பெருநகரத்தில் ஒருவர் மாறிப்போனால் யார் கண்டுபிடிப்பது? பழைய படத்தின் கதாநாயகன் கெவின் மெக்கார்த்தி இதில் ஒரு காட்சியில் தெருவில் ஓடிவந்து கத்துவார். சீகலே டாக்சி டிரைவராக வருவார். பழையவர்களை மதித்து எடுத்த படம் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

டேவிட் குரோனன்பெர்க்கின் 'தி ஃபிளை' (1986) மூன்றாவது உதாரணம். 1958 படத்தில் விஞ்ஞானியின் தலையும் கையும் ஈயின் தலையோடும் காலோடும் ஒரே நொடியில் மாறிவிடும். புதிய படத்தில் மாற்றம் மெதுவாக, நோய் மாதிரி நடக்கும். நகம் விழும், பல் விழும், காதலி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். எய்ட்ஸ் பயம் உலகத்தை ஆட்டிய காலத்தில் வந்த படம். விபத்துக் கதையை வைத்து நோயையும் முதுமையையும் பேசிய படம் எனலாம்.

அச்சு அசலாக எடுத்தால்?

இதற்கு நேர்மாறான சோதனை 'சைக்கோ'. ஹிட்ச்காக் 1960-ல் சுமார் 8 லட்சம் டாலரில் எடுத்த படம். கஸ் வான் சான்ட் 1998-ல் அதைக் கிட்டத்தட்ட ஷாட்டுக்கு ஷாட் அப்படியே, கலரில் எடுத்தார். அதே திரைக்கதை, அதே இசை. கதாநாயகி திருடும் பணம் மட்டும் 40,000 டாலரிலிருந்து 4 லட்சமாக ஏறியிருந்தது. படம் போட்ட பணத்தைக்கூட எடுக்கவில்லை.

ஏன்? ஹிட்ச்காக் படம் வந்தபோது, ஆரம்பித்த பிறகு யாரையும் தியேட்டருக்குள் விடக்கூடாது என்று கண்டிப்பான விதி போட்டிருந்தார்கள். பெரிய நட்சத்திரமான ஜேனட் லீ பாதிப் படத்திலேயே குளியலறையில் கொல்லப்படுவார் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. கதாநாயகியே போய்விட்டால் இனி யாரை நம்பிப் படம் பார்ப்பது என்ற தவிப்புதான் அந்தப் பயத்தின் அடிப்படை. 1998-ல் தியேட்டருக்கு வந்த எல்லோருக்கும் குளியலறையில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரியும். கேமரா கோணங்களைக் காப்பியடிக்கலாம், அதிர்ச்சியைக் காப்பியடிக்க முடியுமா? புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான்.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ரீமேக்கால் பழைய 'சைக்கோ'வுக்கு எந்தக் கெடுதலும் வரவில்லை. அது கடைகளில் கிடைத்தது, டி.வி.யில் ஓடியது. மோசமான ரீமேக் தானாக மறக்கப்பட்டது. அதைவிட நல்ல படமான 1941 'ஜெகில்' செய்த கெடுதல்தான் பெரியது.

காசுக்காக எடுப்பது பாவமா?

ரீமேக் என்றாலே காசு ஆசை என்று திட்டுபவர்கள் ஜார்ஜ் ரோமரோவின் கதையைக் கேட்க வேண்டும். 1968-ல் அவரும் நண்பர்களும் சேர்ந்து குறைந்த செலவில் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்தார்கள். இன்றைய ஜாம்பி படங்கள் அத்தனைக்கும் அதுதான் தாய். வினியோகஸ்தர் படத்தின் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்போடு இருந்த பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அறிவிப்பு இல்லையென்றால் உரிமையும் இல்லை. யார் வேண்டுமானாலும் படத்தை ஓட்டினார்கள், கேசட் போட்டு விற்றார்கள். எடுத்தவர்களுக்குச் சேரவேண்டிய பணம் சேரவில்லை. 1990-ல் ரோமரோவே திரைக்கதை எழுதி, டாம் சவீனி இயக்கத்தில் அதை மறுபடி எடுத்ததற்கு இந்த இழப்பும் ஒரு முக்கியக் காரணம். அப்போதும் சும்மா எடுக்கவில்லை. பழைய படத்தில் பயத்தில் உறைந்துபோய் உட்கார்ந்திருந்த பார்பரா, புதிய படத்தில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போராடுகிறாள்.

வேடிக்கை என்னவென்றால், உரிமை இல்லாமல் போனதால்தான் 1968 படம் மூலைமுடுக்கெல்லாம் பரவியது. பூட்டி வைத்த ஜெகில் மறக்கப்பட்டார். பூட்டில்லாத பிணங்கள் உலகம் முழுக்க நடந்தன!

நம் பக்கத்து உதாரணம்

தென்னிந்தியாவிலும் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. ஃபாசில் 1993-ல் மலையாளத்தில் எடுத்த 'மணிச்சித்ரதாழ்' கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004), தமிழில் 'சந்திரமுகி' (2005), இந்தியில் 'பூல் புலையா' (2007) என்று ஊர் ஊராகப் போனது. மலையாளப் படத்தில் அந்த நாட்டியக்காரி தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழ்ப்பெண். தமிழுக்கு வந்தபோது அவள் தெலுங்கு பேசினாள். இந்திக்குப் போனபோது வங்காளி ஆனாள். எந்த ஊரில் எடுத்தாலும் பேய் மட்டும் பக்கத்து ஊர்க்காரி! மற்றபடி மாற்றங்களைப் பற்றி ரசிகர்கள் நாள் கணக்கில் சண்டை போடலாம். ஷோபனாவா, ஜோதிகாவா என்று கேட்டால் விடிய விடியப் பேச ஆள் இருக்கிறது. அந்தச் சண்டையைப் போட முடிவதற்கே காரணம் இரண்டு படமும் பார்க்கக் கிடைப்பதுதான். மலையாள மூலம் 2024-ல் 4கே தரத்தில் சீரமைக்கப்பட்டு மறுபடி தியேட்டருக்கே வந்தது.

முடிவாக...

கிளாசிக் திகில் படங்களை மீண்டும் எடுக்கலாமா? தாராளமாக எடுக்கலாம். தன் காலத்தின் பயத்தை அதற்குள் வைக்கத் தெரிந்தவர்கள் எடுத்தால் நல்லது. தெரியாதவர்கள் எடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை, ஜனங்கள் மறந்துவிடுவார்கள். ஆனால் புதியதை விற்பதற்காகப் பழையதை ஒளித்து வைப்பதும், அலட்சியத்தால் எரியவோ மட்கவோ விடுவதும் மன்னிக்க முடியாதவை. "ரீமேக் கூடாது" என்று கத்துபவர்கள் அந்தக் கோபத்தில் பாதியையாவது "பழைய பிரதி எங்கே?" என்று கேட்பதில் செலவழித்தால் சினிமாவுக்கு நல்லது.

எரிக்கச் சொல்லப்பட்ட அந்த நோஸ்ஃபெராட்டுவையே பாருங்கள். வெர்னர் ஹெர்சாக் 1979-ல் கிளாஸ் கின்ஸ்கியை வைத்து அதை மறுபடி எடுத்தார். அப்போது நாவலின் உரிமைக்காலம் முடிந்திருந்ததால் ஆர்லாக் பிரபுவுக்கு டிராகுலா என்ற பெயர் திரும்பக் கிடைத்தது. ராபர்ட் எக்கர்ஸ் எடுத்த படம் 2024 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த ஒருவர், அன்றைக்கு ராத்திரியே இணையத்தில் 1922 படத்தை இலவசமாகப் பார்க்க முடியும். நூறு வருடத்துக்கு முந்தைய மாக்ஸ் ஷ்ரெக்கின் நிழல் மாடிப்படி ஏறி வரும்போது இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.